கழுத்து வெட்டிய மோட்டார்

பகல் ஷிப்ட் முடிந்து, பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜெலுத்தோங் சந்துக்குள் நடந்து வந்த செல்வநாயகி, சமையல்கட்டின் பின்கதவைத் திறந்தாள். மோட்டார் சைக்கிள் அங்கே இல்லை.

நாலு வருஷமாக அந்தத் தகரக் கூரையின் கீழே நின்ற மோட்டார். இப்போது அதைத் தாங்கியிருந்த இரண்டு மரக்கட்டைகளும், சிமெண்டில் ஓர் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தூக்குக் குண்டு, அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் தனியே ஆடிக்கொண்டிருந்தது.

"நாயகி!" பக்கத்து வீட்டு நூர்ஜான் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "உங்க அண்ணன் வந்தாரு, லாரியோட. நாலு ஆளு. வீட்டுல ஆளில்லாத நேரத்துல என்ன சார் இதுன்னு கேட்டேன். மோட்டார் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற கிராண்டு பேப்பர எடுத்து நீட்டுறாரு. எனக்கென்ன படிக்கவா தெரியும்? போலீஸக் கூப்புடவான்னேன். தாராளமா கூப்புடும்மாங்குறாரு, சிரிச்சுக்கிட்டே."

செல்வநாயகி தகரக் கூரையின் கீழே இறங்கினாள். எண்ணெய்க் கறையை மிதித்துவிடாமல் சுற்றி நடந்துபோய், ஆடிக்கொண்டிருந்த குண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டும், பிள்ளைகளே. இல்லாவிட்டால், ஒரு மோட்டாருக்கா இவ்வளவு என்று நினைத்துவிடுவீர்கள்.

செல்வநாயகியின் அப்பா விநாசித்தம்பி, அரசாங்க அலுவலகம் ஒன்றில் பெரிய கிளார்க்காக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகப் பேனா பிடித்தே வாழ்ந்த குடும்பம். அண்ணன் சிவகுருநாதன் பேங்கில் ஆபீசர். அந்த வீட்டுப் பெண், லாரிப் பட்டறையில் வெல்டிங் அடிக்கிற வேலுவை, ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனை, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டாள். சிவகுருநாதன் அன்றைக்கே வாசல் கதவைச் சாத்தினான்.

அப்பா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னுடைய பழைய பிஎஸ்ஏ மோட்டாரை வெயிலில் தானே தள்ளிக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"கறள் பிடிச்சு இரும்பெல்லாம் இத்துச் சாகுது, பிள்ளை. உன்ர புருசனுக்கு இரும்பு தெரியும். என்னவாவது செய்யுங்கோ" என்றார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

பேர் மாற்றிக்கொள்ளலாம் என்று வேலு அப்போதே சொன்னான். "கிராண்டு இன்னும் உங்கப்பா பேர்லதானே இருக்கு, நாயகி. ஒரு கையெழுத்துதான் லா."

"அப்பா கையால குடுத்ததுக்கு அவருகிட்டயே பேப்பர் கேக்குறதா? அவரு எப்ப கண்ண மூடுவாருன்னு காத்துக்கிட்டு இருக்குற மாதிரி ஆயிடும்" என்றாள் செல்வநாயகி. பேனா பிடித்தே பிழைத்த குடும்பத்துப் பெண், ஒரு கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்தார். சிவகுருநாதன் தங்கைக்குச் சொல்லியனுப்பவில்லை. அவன் மனைவி தவமணிதான் அவனுக்குத் தெரியாமல் பேக்டரிக்குப் போன் அடித்தாள். வெள்ளைத் தொப்பியும் முகமூடியும் போட்டு, தூசி படக்கூடாத சுத்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவளை நடுவில் எழுப்பமாட்டார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் காவல்காரர் மட்டும் இருந்தார். மறுநாள் பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போட்டு அறிவித்தல் வந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கட்டம் சின்ன விஷயம் இல்லை. அதில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் குடும்பம். 'அன்னாரின் ஒரே பிள்ளை சிவகுருநாதன்' என்று போட்டிருந்தது.

அந்த வரியைச் செல்வநாயகி எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த மோட்டாரைத் தொடுகிறபோது அவள் கை வேறு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு அப்பாவிடமிருந்து மிஞ்சியிருந்தது அது மட்டும்தான்.

அதைச் சாப்பர் ஆக்கலாம் என்று, அது வீட்டுக்கு வந்த புதிதிலேயே சொன்னது வேலு. ஏதோ ஒரு பழைய படத்தில் பார்த்திருந்தான். முன்சக்கரம் எங்கோ தூரத்தில் நீட்டிக்கொண்டு இருக்கும். ஓட்டுகிறவன் சாய்வு நாற்காலியில் கிடக்கிற மாதிரி கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவான். அவன் ஓய்வும் இவள் ஓய்வும் ஒத்துவருகிற ஞாயிறுகளில் வேலை நடந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற முன்கால் குழாய்களைச் சீனன் கடைசல் பட்டறையில் கொடுத்து ஆறு அங்குலம் நீளமாகக் கடைந்து வாங்கினார்கள். ஹேண்டில்பாருக்கு இரும்புக் குழாயை வளைக்கவேண்டும். வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, சூடு காட்டி வளைக்கவேண்டும். செல்வநாயகி கடற்கரை மணலைக் கழுவி, வாணலியில் போட்டு வறுத்தாள்.

"என்ன வறுக்குற, கச்சான் கடலையா?" என்று கேட்டாள் நூர்ஜான்.

"ஹேண்டில்பாருக்கு, அக்கா."

"அல்லாவே! உப்புப் போட்டியா?"

வேலு பழைய வெல்டிங் பெட்டியை ஓட்டுகிற போதெல்லாம் அந்த வரிசை வீடுகளில் லைட் மங்கும், நூர்ஜான் வீட்டு டிவியில் படம் சுருங்கும். அவள் அங்கிருந்து கத்துவாள். இவன் இங்கிருந்து, "பத்து நிமிஷம்க்கா, ஹீரோ மறுபடி குண்டாயிடுவாரு!" என்பான்.

ஆனால் சாப்பருக்கு உயிர் கழுத்தில் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தூரத் தள்ளவேண்டுமானால், பிரேமின் கழுத்தை அறுத்து, சாய்த்து, மறுபடி ஒட்டவேண்டும். எத்தனை பாகை சாய்வு என்பதை, நூர்ஜான் மகளின் கோணமானியை இரவல் வாங்கி, அட்டையில் வெட்டிக் கொடுத்தது செல்வநாயகி.

வேலு எடுத்த எடுப்பில் முழு வெல்டிங் அடிக்கிறவன் இல்லை. முதலில் நாலே நாலு பொட்டு வைப்பான், மிளகு அளவில். அதை வைத்துக்கொண்டு வண்டி முழுவதையும் பூட்டிவிடுவான். பார்த்தால் முடிந்த வண்டி மாதிரியே இருக்கும், எஞ்சினும் ஓடும். பிறகு இரண்டு அரிசி மூட்டையை மேலே ஏற்றி ஒரு வாரம் விட்டுவிட்டு, நூல் பிடித்துப் பார்ப்பான். நேராக இருந்தால்தான் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிக் கழுத்தைச் சுற்றி முழுக்க அடிப்பான். "பொட்டு வைக்கிறது நிச்சயதார்த்தம் மாதிரி. இன்னும் கல்யாணம் ஆவல" என்பது அவன் பேச்சு.

செல்வநாயகிக்குப் பேக்டரியில் வேலையே அதுதான். பூதக்கண்ணாடிக்குக் கீழே, எலெக்ட்ரானிக் சிப்புக்குள் தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி ஒட்டியிருக்கிறதா, ஒட்டின மாதிரி நடிக்கிறதா என்று பார்ப்பாள். பளபளப்புக்கு ஏமாறமாட்டாள். லைனில் அவளுக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பேர். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் வேலு நூல் பிடித்தபோது அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "ரிஜெக்ட்" என்றாள்.

"ஏய், ஒரு நெல்லு அளவுதான்டி!"

"நெல்லு அளவு கோணல்னா கோணல்தான். அடுத்த ஞாயிறு நேராக்கிட்டு அடிங்க. இப்ப அடிச்சா கோணலே நிலைச்சிடும்."

அடுத்த ஞாயிறு வருவதற்கு முன்னால்தான் செவ்வாய்க்கிழமை வந்தது. சிவகுருநாதனின் லாரியும் வந்தது.

போலீஸ் ஸ்டேசனில் சார்ஜன் இஸ்மாயில் நல்ல மனிதர். புருஷன் பெண்சாதி இருவரையும் உட்காரச் சொன்னார், பதிவைத் தேடிப் பார்த்தார். அப்பாவின் சொத்துகளோடு சேர்த்து மோட்டாரும் எப்போதோ சிவகுருநாதன் பேருக்கு மாறிவிட்டிருந்தது. சொந்தக்காரர் தன் பொருளை எடுத்துப் போயிருக்கிறார் என்றார் சார்ஜன், கொஞ்சம் வருத்தத்தோடு. நாலு வருஷ உழைப்புக்கு எந்தக் கிராண்டிலும் இடம் இல்லை.

வெளியே வந்ததும் வேலு அழுதுவிட்டான். செல்வநாயகி அழவில்லை. அவள் மனதுக்குள் நாலு பொட்டும் தெரிந்தன, பூதக்கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பெரிசாக. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் சாயந்திரம் வேலு கோப்பிக் கடையிலிருந்து ஒரு பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். படம் போட்டிருந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்து, குரோமியம் மின்ன நிற்கிற சாப்பர்; பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட சிவகுருநாதன். 'மறைந்த என் தந்தையின் நினைவாக, ஓய்வு நேரங்களில், என் இரு கைகளாலேயே நான்கு ஆண்டுகள் உழைத்து உருவாக்கினேன்.' வருகிற ஞாயிறு காலை, எஸ்பிளனேடிலிருந்து மோட்டார் கிளப் முப்பது வண்டிகளோடு கிளம்பி, போன வருஷம் திறந்த கடல் பாலத்தின் மேல் ஏறி, அக்கரையில் செபராங் ஜெயா வரை போகிறது. முன்னால் போகிறது இந்த வண்டி.

வேலுவுக்கு அந்த வரிகள் கண்ணில் படவே இல்லை. அவன் படத்தில் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாங்கா மாதிரி வழவழன்னு இருக்கு. பெயிண்ட்காரன் பள்ளம் அடைக்கிற புட்டிய அப்பி மூடியிருக்கான்." பிறகு குரல் இறங்கியது. "நாயகி, உள்ள நாலு பொட்டுதான்."

"தெரியும்." அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியுமா? தெரிஞ்சா சும்மா இருக்குற? பாலத்துல ஏறுறான்! கழுத்து விட்டுச்சுன்னா முன்சக்கரம் தனியா போவும், ஆளு தனியா போவான்!"

"அவருதான் ரெண்டு கையாலயும் கட்டியிருக்காரே. பேப்பர்ல போட்டிருக்கு. முழுசா அடிச்சிருப்பாரு."

"விளையாடாத. நான் போன் பண்றேன்."

"பண்ணுங்க."

வேலு கோப்பிக் கடைக்கு ஓடிப் போய்ப் போன் அடித்துவிட்டு வந்தான். முகம் தொங்கியிருந்தது. "நம்ப மாட்டேங்குறாரு. மோட்டாரத் திருப்பி வாங்க வழி இல்லாம பயங்காட்டுறீங்களாம். உன் பெண்சாதி சொல்லிக் குடுத்தாளான்னு கேக்குறாரு. வச்சுட்டாரு."

ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் செல்வநாயகி சிரித்தாள்.

"பாத்தீங்களா? சொல்லியாச்சு. இனிமே நம்ம மேல ஒண்ணும் இல்ல."

சொல்லுகிறேன் கேளுங்கள், அந்த வாரம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். பேக்டரியில் பூதக்கண்ணாடிக்குள் குனிந்தால் பாலம்தான் தெரிந்தது. ஒரு தடவை பஸ்ஸில் அதைக் கடந்திருக்கிறாள். பாலத்தில் மூட்டுக்கு மூட்டு சக்கரம் டக், டக் என்று குதிக்கும். எத்தனையாவது மூட்டில் முதல் பொட்டு விடும்? கரையிலேயா, நடுக்கடலுக்கு மேலேயா? கூலிங் கிளாஸ் முகத்திலேயே இருக்குமா, முன்னால் பறக்குமா? அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு ஈடாக இன்னொரு கறுப்புக் கட்டத்தை அவள் மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். அதில் தன் பேரை எங்கே போடுவது என்றுகூட யோசித்தாள். கோபத்துக்கு வெட்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, குடையை எடுத்தாள்.

"எங்க?" என்றான் வேலு.

"வழியனுப்ப."

வேலு தன் சின்ன ஹோண்டாவில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். கடைசி நேரத்தில் மனசு மாறுவாள் என்று நினைத்திருப்பான், பாவம்.

எஸ்பிளனேடில் கடலோரமாக முப்பது வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் சிவப்புச் சாப்பர். செல்வநாயகி ஆங்சனா மரத்தடியில் நின்று பார்த்தாள். தன் கையால் அராவின ஹேண்டில்பார். தான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கின முன்கால்கள். அதை இவ்வளவு அழகாக இதுவரை அவள் பார்த்ததில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிந்தது. சிவகுருநாதன் கையுறை மாட்டி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் பார்த்தாள்: சீட் நீளமாக இருந்தது.

அவளும் வேலுவும் கட்டியது ஒற்றை ஆள் சீட். அவள் மனதுக்குள் பாலத்தில் ஓடின வண்டியில் ஒரே ஆள்தான் இருந்தான். இப்போது குஷன் கடையில் கொடுத்து இரட்டைச் சீட் ஆக்கியிருந்தான். நீலச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பயந்து பயந்து, தவமணி பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.

பேக்டரிக்குப் போன் அடித்த தவமணி.

செல்வநாயகி என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கால்கள் நடந்துவிட்டன. குடையை விரித்தபடியே போய் முன்சக்கரத்துக்கு எதிரில் நின்றாள். வேலுவோடு பேசிப் பேசி மறந்துபோயிருந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு, தானாக நாக்கில் வந்தது.

"அண்ணை, மோட்டார் நல்ல வடிவு. ஆர் கட்டினது?"

சிவகுருநாதன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். "பேப்பர் பாக்கேல்லையோ? நான்தான்."

"கழுத்தும் நீங்களோ வெட்டினது?"

"ஓம். வேற ஆர்?"

"அப்ப சொல்லுங்கோவன், உள்ளுக்குள்ளை எப்பிடி ஒட்டியிருக்கு? சுத்திவர அடிச்சதோ, பொட்டு மட்டும் வச்சதோ?"

எஞ்சின் சத்தங்கள் ஒன்றொன்றாக அடங்கின. மோட்டார்க்காரர்களுக்குக் கழுத்து என்றால் காது நிமிரும். கிளப் தலைவர் விஸ்வலிங்கம், வெள்ளைத் தாடிக்காரர், ரிட்டயரான சர்வேயர், வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"என்ன சிவா, ஆரிது?"

"என்ர தங்கச்சி. கொஞ்சம் விசர். கணக்கெடுக்காதேங்கோ." முகம் சிவந்திருந்தது. "சுத்திவரத்தான் அடிச்சது. முழு வெல்டிங். தள்ளி நில்லு, நாயகி."

அவள் தள்ளி நின்றாள். "முழு வெல்டிங் எண்டா பயமில்லை. போய்ட்டு வாங்கோ. மச்சாள் மட்டும் இறங்கட்டும்."

தவமணி கணவனின் முதுகைப் பார்த்தாள். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிதன் பத்திரிகை படித்துக்கொண்டு சோபாவில் கிடந்தது அவளுக்குத் தெரியாதா என்ன? சேலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"தவம்! ஏறும்!"

"நீங்கள் கட்டினதெண்டா நீங்களே மோட்டாரை ஓடுங்கோ" என்றாள் தவமணி. "நான் பின்னால கார்ல வாறன்."

யாரோ ஒருவன் பின்னால் சிரித்தான். விஸ்வலிங்கம் கால்சட்டைப் பையிலிருந்து ஓர் இருபது காசு எடுத்தார். "இதில என்ன சண்டை? கழுத்தடியில ஒரு சொட்டுச் சுரண்டிப் பாத்தா முடிஞ்சுது."

"புதுப் பெயிண்ட்! ஒருத்தரும் தொடக்கூடாது!"

"அதானே!" என்றாள் செல்வநாயகி. "சுரண்டாதேங்கோ ஐயா. கட்டினவருக்குத் தெரியாததோ? அண்ணை, நீங்கள் ஓடுங்கோ. பாலத்தில மூட்டுக்கு மூட்டு ஒரு துள்ளல் இருக்கு. அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

இதை அவள் இனிமையாகத்தான் சொன்னாள். பின்னால் நின்ற வேலு மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

சுரண்டவிட்டால் பொய் வெளியே வரும், ஓட்டினால் கழுத்து போகும். சிவகுருநாதன் எஞ்சினை முறுக்கினான். சாப்பர் நகர்ந்தது. முதல் பத்து அடி நிமிர்ந்துதான் போனான். பிறகு வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. வண்டிக்கு இரு பக்கமும் அவன் கால்கள் இறங்கித் தரையைத் தேய்க்க ஆரம்பித்தன, புதிதாகச் சைக்கிள் பழகுகிற பிள்ளை மாதிரி. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடலை அடுத்த பழைய கோட்டையின் மூலையில், தரையில் ஒரு சின்ன மேடு, வாய்க்கால் மூடி. அதன் முன்னால் நின்றுவிட்டான். அதைத் தாண்டி ஏற்றவில்லை. எஞ்சினை அணைத்தான். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

செல்வநாயகி குடையோடு நடந்து போனாள். விஸ்வலிங்கமும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை. ஆர் கட்டினது?"

"நாயகி, பிறகு கதைப்பம்."

"இப்ப."

அவன் வேலு நிற்கிற பக்கம் பார்க்காமலேயே கையைக் காட்டினான். "அவர்தான்." அது போதாது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. "நாயகியும் அவரும். நான் ஒண்டும் செய்யேல்லை."

விஸ்வலிங்கம் அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார், இருபது காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் வண்டிக்குத் திரும்பினார். கிளப்பின் பசங்கள் இரண்டு பேர், "அண்ணே, நாங்க தள்ளி விடுறோம்" என்று வந்தார்கள்.

"வேணாம்!" என்றாள் செல்வநாயகி. "நெறையப் பேரு கை வச்சா கழுத்து ஒரு பக்கமா இழுக்கும். ஒரே ஆளு, மெதுவா, எங்க வீடு வரைக்கும் தள்ளணும். அதுதான் முறை."

அது சுத்தப் பொய். நாலு பேர் தூக்கி லாரியில் வைத்தால் பத்து நிமிஷ வேலை. வேலு வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

எஸ்பிளனேடிலிருந்து ஜெலுத்தோங் எவ்வளவு தூரம்! பீச் ஸ்திரீட் வழியாகச் சிவகுருநாதன் தள்ளினான், தோல் ஜாக்கெட்டோடு. அவன் வேலை பார்க்கிற பேங்க் கட்டடம் அந்தத் தெருவில்தான் இருந்தது. அதன் வாசலில் உட்கார்ந்திருந்த காவலர் எழுந்து சலாம் வைத்தார். படகுத்துறையைத் தாண்டினான். வழி நெடுக எல்லோருக்கும் நல்ல மனசு. "மினியாக் ஹாபிஸ் கா?" என்று கேட்டார் லாரிக்காரர். எண்ணெய் தீர்ந்துபோச்சா என்று ஐஸ் விற்கிறவர் கேட்டார். எதிரே சைக்கிளில் வந்த கிழவர் ஒருவர், நின்று திரும்பி, பெட்ரோல் ஸ்டேசன் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று வழி காட்டினார். எல்லோருக்கும் அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான். ஜாக்கெட்டைக் கழற்றினான். கையுறையைக் கழற்றினான். கூலிங் கிளாஸுக்குள் வேர்வை ஓடியது. அதைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் நீளமான முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பிவிடும். அதனால் துடைக்காமலே போனான்.

பத்தடி பின்னால் மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலை, குடை பிடித்தபடி வந்தது. ஒரு மேட்டில் வேலு ஹோண்டாவை நிறுத்திவிட்டுக் கை கொடுக்க ஓடினான்.

"தொடாதீங்க" என்றாள் செல்வநாயகி.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். நூர்ஜான் வேலிக்கு மேலே நீட்டின தலையை உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டியை மரக்கட்டைகளின் மேல் ஏற்றினார்கள். சிவகுருநாதன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. தண்ணீர் கேட்டான். வேலு உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு வேலு ஒரு தட்டை இரும்பை எடுத்துக் கழுத்தடியில் பெயிண்டைச் சுரண்டினான். சிவப்பு உதிர்ந்தது. சாம்பல் நிறப் புட்டி உதிர்ந்தது. ஒரு பொட்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பொட்டைத் துடைத்தவன் அப்படியே கையை எடுத்துவிட்டான்.

செல்வநாயகி குனிந்து பார்த்தாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பொட்டின் நடுவே இமைமுடி அளவு ஒரு கோடு. பெயிண்ட் கடையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து எஸ்பிளனேடுக்கும் ஓட்டினதிலேயே விரிசல் விட்டிருந்தது.

"இஞ்ச வாங்கோ" என்றாள் அண்ணனை. அவன் விரலைப் பிடித்து, நகத்தை அந்தக் கோட்டில் வைத்தாள். "தெரியுதோ?"

நகம் கோட்டில் மாட்டியது. அவன் விரலை எடுக்கவில்லை. அதைத் தடவிக்கொண்டே, "வேலு போன் எடுத்துச் சொன்னவன்" என்றான். "அண்டைக்குத்தான் உங்களுக்கு ஞாபகம் வந்ததோ?"

"அவருக்கு அண்டைக்குத்தான்."

"உனக்கு?"

"லொறியில ஏத்தின நாளே தெரியும்."

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். முதல் தடவையாக அதைப் பார்த்துப் பயந்தான். வாயருகே கொண்டுபோன செம்பைக் குடிக்காமலே தரையில் வைத்தான். "பேரை மாத்தித் தாறன். நாளைக்கே" என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி. சாவியைச் செம்புக்குப் பக்கத்தில் போட்டான். ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் சந்தில் இறங்கிப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

வேலு அவன் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நாயகி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"தவமணி மட்டும் பின்னால ஏறலைன்னா?"

"கை ஆட்டி வழியனுப்பிட்டு வந்திருப்பேன்."

"சும்மாதானே சொல்ற?"

"இல்ல."

வேலுவிடம் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, பிள்ளைகளே. அது அவனுக்கும் தெரியும். அவன் தட்டை இரும்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான், வெகுநேரம் கழுவினான். அன்றைக்கு மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் தலை நிமிரவில்லை. ரசம் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அவளாகவே ஊற்றினாள்.